புற்றுநோய் செல்லைச் சுழற்றிப் பார்ப்பது எப்படி: நுண்ணீர்ப்புச் சோதனைக்கு ஒரு கையேடு

ஈர்ப்பு இல்லாத இடத்தில் புற்றுநோய் செல் என்ன ஆகும் என்று தேடினால் இரண்டு விதமான செய்திகள் கிடைக்கும். 2019-ல் சிட்னியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து வந்த செய்தி, ஈர்ப்பைக் குறைத்துக் காட்டும் கருவியில் 24 மணி நேரம் வைத்ததும் 80 முதல் 90 சதவீதப் புற்றுநோய் செல்கள் செயலிழந்துவிட்டன என்றது. சில வருடம் கழித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ குழு ஆக்ஸியம் என்ற தனியார் நிறுவனத்தின் பயணங்களில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய புற்றுநோய்க் கட்டித் திரள்கள் 10 நாளில் மூன்று மடங்கு பெருத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஒரு பக்கம் சாகிறது என்கிறார்கள், இன்னொரு பக்கம் வேகமாக வளர்கிறது என்கிறார்கள்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். செல் வேறு, கருவி வேறு, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதும் வேறு. ஆனால் வீட்டில் ஒருவர் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்த மாதிரித் தலைப்பு வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தால் அவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இந்த வகைச் சோதனையைச் சரியாகச் செய்வதும், மற்றவர் செய்ததைச் சரியாகப் படிப்பதும் முக்கியம் என்று நினைக்கிறேன். செல் வளர்ப்பு வசதி இருக்கும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் ஒரு சிறிய நுண்ணீர்ப்பு (மைக்ரோகிராவிட்டி, அதாவது எடையே ஏறத்தாழ இல்லாத நிலை) சோதனையைச் செய்துவிடலாம். செல்லைச் சுழற்றுவது சுலபம். கிடைத்த மாற்றத்தில் எவ்வளவு ஈர்ப்பால் வந்தது, எவ்வளவு உங்கள் கருவியால் வந்தது என்று பிரிப்பதுதான் கஷ்டம், இந்தக் கையேடு பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

முதலில் ஈர்ப்பு செல்லுக்கு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்

விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது. அங்கே எல்லாம் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் உள்ளே இருப்பவையும் சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பது. ஆகவே செல்லுக்கு அங்கே இல்லாமல் போவது எடை, அந்த எடையால் நடக்கும் சில வேலைகள்.

அந்த வேலைகளை எண்ணாகப் பார்த்தால் தெளிவாகும். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல், மீடியத்தைவிட, அதாவது அது வளரும் ஊட்டத் திரவத்தைவிட, 5 சதவீதம் அடர்த்தி கூடியது என்று வைத்துக்கொண்டால், 37 டிகிரியில் நொடிக்குச் சுமார் 15 மைக்ரோமீட்டர் வேகத்தில் கீழே இறங்கும். 3 மி.மீ. மீடியம் என்றால் மூன்று நான்கு நிமிடத்தில் அடித்தளத்தைத் தொட்டுவிடும். டிஷ்ஷில் செல்கள் அடியில் போய் ஒட்டிக்கொண்டு தட்டையாக ஒரே அடுக்காக வளர்வதற்கு இதுவே ஆரம்பம். இன்னொன்று, அடர்த்தி வித்தியாசத்தால் திரவம் தானாகக் கலங்குவது. அது நின்றுவிட்டால் செல்லைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்த, கழிவு நிறைந்த ஒரு படலம் அப்படியே தங்கிவிடும், புதிய மீடியம் பரவல் மூலமாக மட்டும்தான் வந்து சேர வேண்டும். மூன்றாவது, செல்லின் உள்ளே சட்டம் போல இருக்கும் ஆக்டின், டியூபுலின் என்ற புரத இழைகளின் மேல் இருக்கும் இழுவிசை மாறுவது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆகவே செல் மாறிவிட்டது என்று கண்டுபிடித்தால், மூன்றில் எதற்கு அது பதில் சொல்கிறது என்பது அடுத்த கேள்வியாக உடனே வந்து நிற்கும்.

எந்தச் செல்லை எடுப்பது

இந்தத் துறையில் அதிகமாக ஆராயப்பட்ட செல் லைன்களில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் ஒரே வழிச் செல்கள்) ஒன்று எஃப்டிசி-133. தைராய்டு ஃபாலிகுலர் புற்றுநோய் வந்த ஒருவரின் நிணநீர் முடிச்சிலிருந்து எடுத்தது. ஜெர்மனியின் மாக்டபுர்க், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகங்களில் டேனியலா கிரிம் குழுவினர் பல வருடமாக இதைச் சுழற்றியும், விமானத்தில் ஏற்றியும், ராக்கெட்டில் அனுப்பியும் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் தொடங்குபவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் செல்லான எம்சிஎஃப்-7 வசதி. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கலாம், அதிலும் ஏற்கெனவே நிறைய நுண்ணீர்ப்பு ஆய்வு நடந்திருப்பதால் உங்கள் முடிவை ஒப்பிட ஏதாவது இருக்கும்.

எஃப்டிசி-133-ல் திரும்பத் திரும்பத் தெரிந்த நடத்தை இது: ஒட்டி வளர்ந்த செல்களை நுண்ணீர்ப்புக் கருவியில் வைத்தால், ஓரிரு நாளில் ஒரு பகுதி பிளாஸ்க்கின் அடியை விட்டுக் கிளம்பி, ஒன்றோடொன்று ஒட்டி உருண்டைத் திரளாக மிதக்கிறது, அதாவது ஸ்பீராய்டு. இன்னொரு பகுதி ஒட்டியபடியே இருக்கிறது. ஒரே பிளாஸ்க், ஒரே செல் லைன், ஒரே மீடியம், ஆனால் இரண்டு வகைப் பதில். எம்சிஎஃப்-7 இன்னும் ஒரு படி போய், நடுவில் வெற்றிடம் உள்ள, பால் நாளத்தின் குறுக்குவெட்டு போலத் தோன்றும் அமைப்புகளைக் கட்டுகிறது.

2011 நவம்பரில் சீனாவின் ஷென்சோ-8 விண்கலத்தில், சிம்பாக்ஸ் என்ற ஜெர்மன் பெட்டிக்குள் எஃப்டிசி-133 போனது. அந்தப் பெட்டிக்குள்ளேயே 1 ஜி, அதாவது பூமியின் தரையில் இருக்கும் அளவு ஈர்ப்பை, சுழற்றிக் கொடுக்கும் சென்ட்ரிஃபியூஜ் இருந்தது என்பதைக் கவனியுங்கள், அதே விண்கலம், அதே அதிர்வு, அதே கதிர்வீச்சு, ஆனால் ஈர்ப்பு மட்டும் உண்டு. விண்வெளியில் பெரிய பெரிய திரள்கள் உருவாகின. பிறகு 2014 ஏப்ரலில் டிராகன் விண்கலத்தில் செல்பாக்ஸ் என்ற சோதனையாக அதே செல் லைன் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது ஸ்பீராய்டே வரவில்லை. அந்த முறை செல்கள் வளர்ப்புக் கலனின் அடித்தளத்தை முழுதாக மூடி, அடர்ந்த அடுக்காக இருந்த நிலையில் நுண்ணீர்ப்புக்குள் போயிருந்தன. கேவியோலின்-1 என்ற புரதம் அந்த நிலையில் திரள் உருவாவதைத் தடுப்பதில் பங்கெடுக்கிறது என்று அந்தக் குழுவே 2015-ல் எழுதியது.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு இதுதான். ராக்கெட்டில் போய்க்கூட, தொடக்கத்தில் பிளாஸ்க் எவ்வளவு நிறைந்திருந்தது என்பது பதிலை மாற்றிவிடுகிறது. ஆகவே உங்கள் நோட்டில் முதலில் எழுத வேண்டியது கான்ஃப்ளூயன்ஸ், அதாவது அடித்தளத்தில் எவ்வளவு பங்கைச் செல்கள் மூடியிருக்கின்றன என்பது. 60 முதல் 70 சதவீதம் மூடியிருக்கும்போது தொடங்குங்கள், எல்லாப் பிளாஸ்க்கும் ஒரே அளவில் இருக்கட்டும், தொடங்கும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்ற சோதனையும், செல் லைன் அடையாளத்துக்கான எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ சோதனையும் முடிக்காமல் கருவிப் பக்கமே போகாதீர்கள்.

கருவி

தரையில் ஈர்ப்பை அணைக்க முடியாது. அதன் திசையை மாற்றிக்கொண்டே இருக்கலாம், செல் ஒரு திசைக்குப் பதில் சொல்லத் தொடங்கும் முன் திசை மாறிவிட்டால் சராசரியில் ஈர்ப்பு இல்லாத மாதிரி ஆகிறது. இதைச் செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

கிளினோஸ்டாட் என்பது ஒரே கிடைமட்ட அச்சில் சீராகச் சுற்றுவது. 19-ஆம் நூற்றாண்டிலேயே தாவர வேர்களை ஆராய இதைப் பயன்படுத்தினார்கள். ரேண்டம் பொசிஷனிங் மெஷின் இரண்டு சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, வேகமும் திசையும் தாறுமாறாக மாறிச் சுற்றுவது. சுழலும் சுவர்க் கலன் நாசாவின் ஜான்சன் மையத்தில் உருவானது. மீடியம் முழுக்க நிரம்பிய உருளை மெதுவாகச் சுற்ற, செல் திரள்கள் உள்ளே விழுந்துகொண்டே இருக்கும். இந்த மூன்றாவதில் பெரிய, அழகான திரள்கள் கிடைக்கும், ஆனால் அதைக் குறைந்த உரசலுள்ள மிதவை வளர்ப்பு என்று சொல்வதுதான் நியாயம் என்பது என் கருத்து. ஏனென்றால் திரள் அங்கே தன் எடைக்கேற்ற வேகத்தில் மீடியத்துக்குள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

வலிமையான காந்தப்புலத்தில் மிதக்க வைக்கும் முறையும் உண்டு, ஆனால் அவ்வளவு பெரிய காந்தப்புலமே செல்லைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்குபவருக்கு அது வேண்டாம்.

நீங்களே செய்வதாக இருந்தால் கிளினோஸ்டாட்டை எடுங்கள். கணக்குப் போட முடியும், என்ன நடக்கிறது என்று தெரியும், செலவும் குறைவு. ரேண்டம் பொசிஷனிங் மெஷினில் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் உள்ளே உள்ள திரவம் ஒருபோதும் நிலைக்கு வராது, அது சுவரை உரசிக்கொண்டே ஓடும், அந்த உரசலும் செல்லுக்கு ஒரு செய்திதான். சீராகச் சுற்றும் கிளினோஸ்டாட்டில், குமிழி இல்லாமல் நிரம்பிய கலனாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் திரவமும் கலனும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இப்போது கணக்கு. சுற்றினால் மையவிலக்கு விசை வரும், அது சுழல் அச்சிலிருந்து செல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ராட்டினத்தில் நடுத்தூண் அருகே நிற்பவருக்கும் வெளி ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான். தூரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, நிமிடச் சுற்றின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118 ஆல் பெருக்கினால் எத்தனை ஜி என்று கிடைக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று, அச்சிலிருந்து 1.5 மி.மீ. என்றால் 0.006 ஜி, அருமை. அதே வேகத்தில் 2 செ.மீ. தள்ளி இருக்கும் செல்லுக்கு 0.08 ஜி. 5 செ.மீ. தள்ளி என்றால் 0.2 ஜி, அது நிலவின் ஈர்ப்பைவிட அதிகம்! ஆக, ஒரு டி-25 பிளாஸ்க்கை (25 சதுர செ.மீ. தளமுள்ளது) அச்சில் கட்டி 60 சுற்றில் விட்டுவிட்டு அந்தப் பிளாஸ்க் முழுவதையும் நுண்ணீர்ப்பு மாதிரி என்று அழைக்க முடியாது. அச்சுக்கு நேராக, இரண்டு பக்கமும் 3 மி.மீ. வரை ஒரு பட்டையைப் பிளாஸ்க்கின் வெளியே மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பட்டைக்குள் 0.012 ஜி-க்கு மேல் போகாது. ஒட்டிய செல்களை அந்தப் பட்டையில் மட்டும் எண்ணுங்கள், படம் எடுங்கள். வெளி ஓரத்துச் செல்களைத் தூக்கி எறிய வேண்டாம், நடுப்பட்டையையும் ஓரத்தையும் ஒப்பிட்டால் ஈர்ப்பு மெல்ல ஏறும் ஒரு வரிசையே இலவசமாகக் கிடைக்கிறது.

வேகத்தைக் குறைத்தால் மையவிலக்கு குறையும், ஆனால் வேறு சிக்கல் வரும். மிதக்கும் செல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன வட்டம் போடும். நிமிடத்துக்கு 60 சுற்றில், நொடிக்கு 15 மைக்ரோமீட்டர் இறங்கும் செல்லுக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 5 மைக்ரோமீட்டர், செல்லின் உடம்பைவிடச் சிறியது, பரவாயில்லை. 6 சுற்றில் அது 50 மைக்ரோமீட்டர் ஆகிவிடும், அதாவது செல் திரவத்துக்குள் அலைகிறது. அதைவிட முக்கியம், திரள் வளர வளர இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கமாக ஏறும். 200 மைக்ரோமீட்டர் ஸ்பீராய்டு, அடர்த்தி வித்தியாசம் அதேதான் என்றால், நொடிக்கு ஒன்றரை மி.மீ. இறங்கப் பார்க்கும், 60 சுற்றில்கூட அரை மி.மீ. வட்டம் போடும். முதல் நாள் நுண்ணீர்ப்பாக இருந்தது ஐந்தாம் நாள் அப்படி இருக்காது. நீண்ட சோதனை செய்தவர்களின் முடிவைப் படிக்கும்போதும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. மோட்டாரின் சூடு பிளாஸ்க்குக்குப் போகக் கூடாது, ஒரு டிகிரி ஏறினாலே செல் அதற்குப் பதில் சொல்லும், ஆகவே மோட்டாரைத் தள்ளி வைத்து நீளமான தண்டால் இணைக்கலாம், இல்லாவிட்டால் பெல்ட் போடலாம், வெப்பநிலையைப் பிளாஸ்க்கின் மேலேயே ஒட்டி அளக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரின் ஈரப்பதம் மலிவான மோட்டாரைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். அதற்கு ஒரு வழி, மீடியத்தில் 25 மில்லிமோலார் ஹெப்பெஸ் (அமிலத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்ளும் பொருள்) சேர்த்து, காற்று புகாத மூடி போட்டு, சுத்தமான உலர் 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்பது. ஸ்டெப்பர் மோட்டார் என்றால் அதன் துடிப்பு பிளாஸ்க்கை அதிர வைக்கும், ரப்பர் இணைப்பு போடுங்கள்.

குமிழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சின்னக் காற்றுக் குமிழி உள்ளே இருந்தால் அது எப்போதும் மேலே போகப் பார்க்கும், பிளாஸ்க் சுற்றச் சுற்ற அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், செல்களின் மேல் துடைப்பம் போடுவது போலத்தான். பிறகு செல்கள் உரிந்து வந்தன என்று நீங்கள் எழுதுவீர்கள், அது ஈர்ப்பால் வந்ததாக இருக்காது. மீடியத்தை முன்கூட்டியே 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், குளிர்ந்த மீடியம் சூடாகும்போது கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியே வரும். கழுத்து வரை நிரப்பி, ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, மறுபடி நிரப்பி மூடுங்கள். முடியும்போதும் குமிழி இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள், இருந்த பிளாஸ்க்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த விதியைச் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிட்டால் முடிவைப் பார்த்துவிட்டு வளைக்கத் தோன்றாது.

கண்ட்ரோல்கள்தான் சோதனை

பக்கத்தில் சும்மா வைத்த ஒரு பிளாஸ்க்கோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு எழுதுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய குறை. குறைந்தது நான்கு வகைக் கண்ட்ரோல், அதாவது ஒப்பீட்டு மாதிரி, வேண்டும்.

முதலாவது, அசையாத பிளாஸ்க். அதுவும் கழுத்து வரை நிரம்பி, அதே மூடியோடு இருக்க வேண்டும். வழக்கமான 5 மி.லி. மீடியத்தோடு காற்றோட்டமான பிளாஸ்க்கை வைத்தால் ஆக்சிஜன் அளவே வேறாகிவிடும். இது கருவியின் சட்டத்தின் மேலேயே, சுழலாத பகுதியில் இருந்தால் மோட்டார் அதிர்வும் பொதுவாகிவிடும்.

இரண்டாவது, எனக்கு மிக முக்கியமானது: அதே கிளினோஸ்டாட்டை நிமிர்த்தி வைத்து, அச்சு செங்குத்தாக இருக்கும்படி அதே வேகத்தில் சுற்றுவது. அப்போது சுழற்சி உண்டு, மையவிலக்கு உண்டு, திரவ ஓட்டம் உண்டு, ஆனால் ஈர்ப்பின் திசை மாறுவதில்லை. பிளாஸ்க்கின் செல் ஒட்டிய தளம் அப்போது சுவராக நிற்கும் என்பதால், அசையாத கண்ட்ரோலிலும் ஒன்றை அப்படி நிறுத்தி வையுங்கள். கிடைமட்ட அச்சில் மட்டும் தோன்றி, செங்குத்து அச்சில் தோன்றாத மாற்றம்தான் ஈர்ப்போடு தொடர்புடையது என்று சொல்லத் தகுதியுள்ளது.

மூன்றாவது, மெதுவாக ஆடும் ஷேக்கரில் ஒன்று, திரவ உரசல் மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்க.

நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்பீராய்டாக இருப்பதே செல்லை மாற்றிவிடும். தட்டையாக இருக்கும் எம்சிஎஃப்-7-க்கும் உருண்டையாக இருக்கும் எம்சிஎஃப்-7-க்கும் 1 ஜி-யிலேயே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேறுபடும். ஆகவே சுழற்றிக் கிடைத்த ஸ்பீராய்டை, செல் ஒட்டாதபடி அகரோஸ் பூசிய டிஷ்ஷிலோ தொங்கும் துளி முறையிலோ 1 ஜி-யில் வளர்த்த ஸ்பீராய்டோடு ஒப்பிடுங்கள். சுழற்றிய பிளாஸ்க்கில் ஒட்டியபடியே இருந்த செல்களை, அசையாத பிளாஸ்க்கில் ஒட்டியிருந்தவற்றோடு ஒப்பிடுங்கள். ஸ்பீராய்டை ஒட்டிய செல்லோடு நேராக ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் ஈர்ப்பின் தலையில் கட்டாதீர்கள்.

ஓட்டி முடித்து எடுக்கும்போது

செல்களை விதைத்து 24 மணி நேரம் ஒட்ட விடுங்கள், நிரப்புங்கள், சுழற்றுங்கள். முதல் சோதனைக்கு 24, 72 மணி நேரம் என்று இரண்டு நிறுத்தம் போதும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனிப் பிளாஸ்க், நடுவில் நிறுத்தித் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சுழற்றுவது கூடாது.

நிறுத்தியவுடன் வேகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கருவி நின்ற நொடியிலிருந்து செல் மறுபடி 1 ஜி-யில் இருக்கிறது. செல்லின் உள்சட்டம் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லும் என்பதற்குப் பரவளைய விமானப் பறப்புகளே சாட்சி. பிரான்ஸின் பொர்தோவிலிருந்து பறக்கும் விமானம் ஒரு பறப்பில் 31 முறை மேலே ஏறி விழுகிறது, ஒவ்வொரு முறையும் கிடைப்பது சுமார் 22 நொடி நுண்ணீர்ப்பு. ஸ்வீடனின் கிருனா அருகிலிருந்து ஏவப்படும் டெக்சஸ் ராக்கெட்டில் சுமார் 6 நிமிடம். இந்தக் குறுகிய நேரத்திலேயே எஃப்டிசி-133, எம்சிஎஃப்-7 இரண்டிலும் ஆக்டின் இழைகள் கலைந்து மாறுவதை, ஒளிரும் புரதம் சேர்த்த உயிருள்ள செல்களில் நேரடியாகப் படம் பிடித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, நீங்கள் பிளாஸ்க்கைக் கழற்றி, ஹூடுக்கு நடந்து போய், பேப்பரை எடுத்து எழுதி, பத்து நிமிடம் கழித்து ஃபிக்ஸ் செய்தால், அதாவது வேதிப்பொருளால் செல்லை அந்த நிலையிலேயே நிறுத்தினால், பார்ப்பது மீண்டு வந்த செல்லைத்தான். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு தயாராக, சூடாக, ஊசியில் ஏற்றி இருக்கட்டும். நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள், கண்ட்ரோல் பிளாஸ்க்குக்கும் அதே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீடியத்தைக் கொட்டிவிடாதீர்கள். மிதக்கும் திரள்கள் அதில்தான் இருக்கின்றன. திரள், மிதக்கும் தனிச் செல், ஒட்டிய செல் என்று மூன்றாகப் பிரியுங்கள். பெரிய ஸ்பீராய்டுகள் ஓரிரு நிமிடத்தில் குழாயின் அடியில் தங்கிவிடும், மேலே இருப்பதில் தனிச் செல் இருக்கும். மூன்றிலும் உயிருள்ளது எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று டிரிப்பன் புளூ சாயத்திலும், கேஸ்பேஸ்-3 போன்ற ஒரு சாவுக் குறியீட்டிலும் பாருங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், பிடிப்பை இழப்பதும் சாவதும் வேறு வேறு. சாதாரண எபிதீலியல் செல் தளத்தை விட்டுப் பிரிந்தால் தானாகவே செத்துப்போகும், அனாய்கிஸ் என்ற ஏற்பாடு அது. புற்றுநோய் செல்களில் பல அந்த ஏற்பாட்டிலிருந்து தப்பியவை, இரத்தத்தில் மிதந்து வேறு உறுப்பில் போய் ஒட்டுவதற்கு அதுதான் வழி செய்கிறது. ஆகவே பிளாஸ்க்கின் அடியில் செல் குறைந்துவிட்டது என்று மட்டும் எண்ணினால் 80 சதவீதம் போய்விட்டது என்று தோன்றும், மீடியத்தில் தேடினால் அவற்றில் ஒரு பங்கு திரளாக, உயிரோடு, சொல்லப்போனால் மருந்துக்கு இன்னும் கடினமான வடிவத்தில் இருக்கக்கூடும். இந்த ஒரு எண்ணிக்கையை விட்டுவிட்டால் செய்தி அப்படியே தலைகீழாகிவிடும். புற்றுநோய் செல் சாகிறது என்று எழுதும் யாரும் மீடியத்தைப் பார்த்தார்களா என்று முதலில் தேடுங்கள்.

பெரிய ஸ்பீராய்டுகளின் நடுவில் செத்த செல்கள் இருந்தால் அதையும் உடனே ஈர்ப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். திசுவுக்குள் ஆக்சிஜன் பரவிச் செல்லும் தூரம் 100 முதல் 200 மைக்ரோமீட்டர்தான், அரை மி.மீ. விட்டம் தாண்டிய எந்தத் திரளிலும், அது எங்கே வளர்ந்தாலும், நடுப்பகுதி மூச்சுத் திணறும். உடம்பில் உள்ள கட்டியிலும் இதேதான் நடக்கிறது, அதனால்தான் இந்தத் திரள்கள் மருந்துச் சோதனைக்குப் பயன்படுகின்றன.

என்ன அளப்பது

ஃபல்லாய்டின் சாயம் போட்டு ஆக்டின், ஆன்டிபாடி போட்டு டியூபுலின், டிஏபிஐ சாயம் போட்டு நியூக்ளியஸ் என்று பாருங்கள். இந்த மூன்றும் முதல் படத்துக்குப் போதும். படங்களுக்கு வேறொருவர் எண் போட்டுக் கொடுக்க, எது எதுவென்று தெரியாமல் நீங்கள் மதிப்பிடுங்கள்.

ஆர்என்ஏ பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒப்பீட்டு மரபணுவாகப் பீட்டா ஆக்டினை வைக்கும் பழக்கம் எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. நுண்ணீர்ப்பில் முதலில் மாறுவதே ஆக்டின்தான். மாறுகிற ஒன்றை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லா மரபணுவும் பொய்யாக ஏறும் இறங்கும். 18எஸ் ரைபோசோமல் ஆர்என்ஏவை வையுங்கள், அதுவும் உங்கள் மாதிரிகளில் மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கும் இதே பேச்சுதான், அங்கே மொத்தப் புரதச் சாயம் பாதுகாப்பானது.

எந்த மரபணுக்கள் என்றால், எஃப்டிசி-133-ல் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8, கேவியோலின்-1 ஆகியவை திரள் உருவாவதோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. எம்சிஎஃப்-7 திரள்களில் செல்லோடு செல்லை ஒட்டும் இ-கேட்ஹெரின் குறைந்ததாக 2018-ல் முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்தால் தைராய்டுப் புற்றுநோய் செல்கள் திரளாவது குறைகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கடைசி வகைச் சோதனையை ஒரு எம்.எஸ்சி. மாணவர் தாராளமாக எடுக்கலாம்: ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு மருந்து, மூன்று அளவுகள், மேலே சொன்ன நான்கு கண்ட்ரோல்கள், திரளின் எண்ணிக்கையும் விட்டமும்.

அதிக ஈர்ப்பையும் விட்டுவிடாதீர்கள்

விமானத்திலும் ராக்கெட்டிலும் நுண்ணீர்ப்புக்கு முன்னும் பின்னும் அதிக ஈர்ப்பு வந்துபோகும். பரவளையப் பறப்பில் ஒவ்வொரு 22 நொடிக்கும் இரண்டு பக்கமும் 1.8 ஜி இருக்கிறது. ஆகவே அங்கே கிடைத்த மாற்றத்தை விளக்க 1.8 ஜி கண்ட்ரோல் கட்டாயம். நெதர்லாந்தின் நோர்ட்வைக்கில் ஐரோப்பிய விண்வெளி முகமை இதற்காகவே 8 மீட்டர் விட்டத்தில் ஒரு சென்ட்ரிஃபியூஜ் வைத்திருக்கிறது, 20 ஜி வரை போகும்.

உங்களிடம் மெதுவாகச் சுற்றும் ஒரு சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் நீங்களும் செய்யலாம், ஆனால் பூமியின் 1 ஜி-யைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால் நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 20 செ.மீ. ஆரத்தில் நிமிடத்துக்கு 90 சுற்று விட்டால் மையவிலக்கு மட்டும் 1.8 ஜி, ஆனால் செல்லுக்கு மொத்தம் 2.06 ஜி. மொத்தம் 1.8 வேண்டும் என்றால் 82 சுற்று போதும். ஊசலாடும் வாளி வகை ரோட்டரைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் விசை பிளாஸ்க்கின் தளத்துக்குச் சாய்வாக விழுந்து செல்களைப் பக்கவாட்டில் இழுக்கும், நீங்கள் அளப்பது எடையும் இழுப்பும் கலந்த ஒன்றாகிவிடும்.

எழுதும்போது

ஒரே நாளில் ஒரே பாசேஜிலிருந்து (செல்களைப் பிரித்துப் புதிய பிளாஸ்க்குக்கு மாற்றும் ஒரு சுற்று) போட்ட ஆறு பிளாஸ்க்குகளை ஆறு சோதனை என்று எண்ணாதீர்கள், அது ஒன்று. வெவ்வேறு பாசேஜ், வெவ்வேறு நாள் என்று குறைந்தது மூன்று வேண்டும், ஐந்து என்றால் நல்லது. தலைப்பில் விண்வெளி என்றோ ஜீரோ கிராவிட்டி என்றோ எழுதாமல், கிளினோஸ்டாட்டில் உருவகப்படுத்திய நுண்ணீர்ப்பு என்று எழுதுங்கள். முறைகள் பகுதியில் சுழல் வேகம், அச்சு எங்கே போகிறது, எந்தத் தூரம் வரை எண்ணினீர்கள், அந்தத் தூரத்தில் மீதமிருந்த ஜி எவ்வளவு, கலனின் கொள்ளளவு, மூடியின் வகை, தொடங்கியபோது கான்ஃப்ளூயன்ஸ், குமிழிக்காக நீக்கியவை எத்தனை, நிறுத்தியதிலிருந்து ஃபிக்ஸ் செய்ய எத்தனை நொடி ஆனது என்று எல்லாம் இருக்கட்டும். முடிவுகள் பகுதியில் செங்குத்து அச்சுக் கண்ட்ரோலின் படத்தைக் கிடைமட்ட அச்சின் படத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும் போடுங்கள்.